பையைப் பிடித்தவனுக்கே ஆள்

இசக்கியம்மாளின் பிளஸ் டூ மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருஷமாகத் திருப்பித் தராத ஐயாவே, முதல் வரியே உங்களுக்குத்தான். பெயர் போட மாட்டேன். போட்டால் வக்கீலிடம் ஓடுவீர்கள். வக்கீலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரம் கிடையாது, கடையில் தண்ணீர் கேன் இறக்க வேண்டும். ஆனால் நீங்கள் எந்த பீரோவைப் பூட்டி, சாவியை எந்த டிராயரில் போடுவீர்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அந்த ஒரு தாள் இல்லாததால் நர்ஸ் படிப்பில் கிடைத்த இடத்தை ஒரு தடவை கோட்டை விட்டாள் அந்தப் பெண். அடுத்த மாதம் மறுபடியும் கவுன்சிலிங். அசல் இல்லாமல் போனால் இந்தத் தடவையும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

மற்றவர்களும் படிக்கலாம். ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடியவர்கள், ஒரே ரூமில் எட்டுப் பேராகப் படுத்தவர்கள், கான்ட்ராக்ட் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு எதில் போட்டோம் என்று தெரியாமல் முழித்தவர்கள், எல்லோரும் நம்ம ஜனம்தான்.

ஆள் பிடிக்கிற தொழிலில் முதலில் போவது தூக்கம், அடுத்தது குரல், கடைசியில் நல்ல பேர். நான் வாலாஜாபாத்காரன், பேர் ஏகாம்பரம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. சந்தையில் கத்தரிக்காய் மூட்டை இறக்கினேன், பிறகு அதே கத்தரிக்காயைக் கூவி விற்றேன். பேரம் பேசவும் கோபப்படவும் அங்கேதான் படித்தேன். இரண்டிலும் முதல் மார்க். 2008-இல் ஒரகடம் பக்கம் நெல் விளைந்த இடமெல்லாம் ஷெட்டு முளைத்தபோது, ஒரு மேன்பவர் கான்ட்ராக்ட் கம்பெனியில் ஏஜெண்டாகச் சேர்ந்தேன். தெற்கேயிருந்து வேலை தேடி வரும் பிள்ளைகளைப் பிடித்து ஃபேக்டரிகளுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை.

'ஆள் பிடிக்கிறோம்' என்று சொன்னால் மரியாதையாக இல்லை என்று முதல் மீட்டிங்கிலேயே கம்பெனியை நடத்தும் ஐயா சொல்லிவிட்டார். நாம் என்ன நாய் வண்டியா ஓட்டுகிறோம், 'கேட்ச்' என்று சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்தே ஐந்து வருஷம் குடித்தனம் நடத்தினோம். ஆளைக் கேட்ச் பண்ணினோம். பஸ்ஸைக் கேட்ச் பண்ணினோம். சூப்பர்வைசர் சொல்லும் பாயிண்டைக் கேட்ச் பண்ணினோம். லைனில் தூங்கினவனைக் கேட்ச் பண்ணினோம். வீட்டிலிருந்து போன் வந்தால், டவர் கேட்ச் ஆகவில்லை என்று பொய் சொன்னோம். நான் கேட்ச் பண்ணியதும், என்னைக் கேட்ச் பண்ணியதும் கீழே இருக்கிறது.

பக்கெட் பையாகுமா?

தென் மாவட்டத்து பஸ்கள் விடிகிற நேரத்தில் பெருங்களத்தூரில் வந்து நிற்கும். அங்கே பத்துப் பதினைந்து ஏஜெண்டுகள் காத்திருப்போம். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இறங்குகிற ஆளின் பையில் எவன் கை முதலில் படுகிறதோ, ஆள் அவனுக்கு. அதற்குப் பிறகு மற்றவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆளைத் தொடக் கூடாது, பெண் பிள்ளைகள் என்றால் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். பை மட்டும்தான் கணக்கு. "வாங்க தம்பி, ஒரகடமா?" என்று கேட்டுக்கொண்டே பையை வாங்கி வேனில் போட்டுவிட்டால், ஆள் பின்னாலேயே ஏறிவிடுவான். துணிமணியை விட்டுவிட்டு எங்கே போவான்?

2010-இல் ஒரு நாள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் வந்து இறங்கினாள். கையில் பெட்டி, பை ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட். தட்டு, டம்ளர், துணி எல்லாம் அதற்குள். தோளில் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று. நான் பக்கெட்டின் காதைப் பிடித்தேன். அதே நேரத்தில் எதிர்க் கம்பெனி ஏஜெண்ட் கண்ணாடி பாபு மஞ்சள் பையில் கை வைத்தான். சூரியன் வருவதற்கு முன்பே கூலிங் கிளாஸ் போடுகிற ஆசாமி அவன். பக்கெட்டெல்லாம் பையில் சேராது என்றான். துணி உள்ளே இருந்தால் எதுவும் பைதான் என்றேன் நான். மற்ற ஏஜெண்டுகள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பச்சைப் பிள்ளையைப் பக்கெட்டில் குளிப்பாட்டுவார்களா, பையில் குளிப்பாட்டுவார்களா என்று கத்தினேன். அது யார் கட்சிக்குச் சாதகமான கேள்வி என்று எனக்கே விளங்கவில்லை.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கெட்டைக் கீழே வைத்தாள். மஞ்சள் பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளே பாலிதீன் கவரில் சுற்றிய மார்க் ஷீட் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பாபுவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "பக்கெட்ட எவம் வேணாலும் தூக்குங்க. இந்தப் பையத் தொட்டிய, கைய ஒடிச்சிருவேன்."

விட்டால் மானம் போகும்

பையைத் தொட்டபின் கையை எடுத்தால் அந்த ஏஜெண்டுக்கு மரியாதை கிடையாது. மூன்று நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். கூட்டத்தில் ஒரு நீல நிறப் பை கண்ணில் பட்டது. பாபுவின் கை அதை நோக்கி நீளுவதும் தெரிந்தது. பாய்ந்து பிடித்துவிட்டேன். பிறகுதான் பைக்கு மேலே பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பாபு கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இப்போது என்ன செய்கிறாய் பார்ப்போம் என்கிற மாதிரி நின்றான். நான் விடுவேனா? "வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்று பெரியவரை வேனில் முன் சீட்டில் ஏற்றினேன்.

வழியெல்லாம் அவரை எந்தக் கணக்கில் தள்ளுவது என்ற யோசனைதான் எனக்கு. ஷிப்ட் பார்ப்பீர்களா என்று கேட்டேன். பார்த்தால் போச்சு என்றார். நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும் என்றேன். வாழ்க்கை பூரா அதுதானே தம்பி என்றார். படப்பையில் நாலு இட்லி, ஒரு வடை, டீ வாங்கிக் கொடுத்தேன். வயசு கேட்டால் முப்பத்தெட்டு என்று சொல்லுங்கள், வெயிலில் அலைந்து முடி நரைத்தது என்று சொல்லுங்கள் என்று பாடமும் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வல்லக்கோட்டை திருப்பம் வந்ததும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அக்கா மகள் கல்யாணமாம், முருகன் கோயிலில் ஒன்பது மணிக்கு முகூர்த்தமாம். நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்து மனசார வாழ்த்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, சாயந்தரம் திரும்பிப் போறப்பவும் இந்தத் தர்ம வண்டி வருமா?"

பதினோரு தாத்தா

இன்டர்வியூவுக்குப் போகும் வழியிலேயே வேனில் பாடம் நடக்கும். கேள்வி எப்போதும் ஒன்றுதான், அதனால் பதிலையும் ஒன்றாகவே வைத்திருந்தேன். ஏன் வேலைக்கு வந்தாய் என்று கேட்டால், தாத்தாவுக்கு ஆபரேஷன் என்று சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் இருப்பாய் என்றால், குறையாமல் ஐந்து. இசக்கியம்மாள் ஏறிய வேனிலும் பாடத்தை முடித்துவிட்டு, பாயிண்டைக் கேட்ச் பண்ணிக்கொண்டீர்களா என்று கேட்டேன். பன்னிரண்டு தலையும் ஆடியது.

ஃபேக்டரியில் இன்டர்வியூ எடுத்தது ஒரு அம்மா. என்னையும் ஓரத்தில் உட்கார வைத்தார். முதல் பெண்ணின் தாத்தாவுக்கு ஆபரேஷன் என்றதும் அந்த அம்மாள் "அடப் பாவமே" என்றார். மூன்றாவது தாத்தா வந்தபோது பேனாவைக் கீழே வைத்தார். ஏழாவது தாத்தாவுக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன். பதினோரு தாத்தாவும் முடிந்து கடைசியாக இசக்கியம்மாள் உட்கார்ந்தாள். தாத்தா செத்துப் பத்து வருஷம் ஆச்சு என்றாள். எத்தனை வருஷம் இருப்பாய் என்றதற்கு, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கிற வரைக்கும், கிடைத்தால் மறுநாளே போய்விடுவேன் என்றாள். எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் முதலில் டிக் அடித்தது அவள் பெயருக்குத்தான். மீதிப் பேரையும் எடுத்துக்கொண்டு, எழுந்து போகும்போது என் பக்கம் குனிந்து சொன்னார்: "பதினோரு பேருக்கு நல்லா டியூஷன் எடுத்திருக்கீங்க. இந்தப் பொண்ணு மட்டும் கிளாசைக் கட் அடிச்சிட்டாளா?"

எட்டு பிரஷ்

பிடித்த பிள்ளைகளைத் தங்கவைக்க ரூம் பிடிக்க வேண்டும். வல்லம் வடகாலில் நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த பணத்தில் வரிசையாக ரூம் கட்டி விட்டிருந்தார் கன்னியம்மாள் அக்கா. அவரோடு பேரம் பேசுவதற்கு முன்னால் நான் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத்தான் போவேன்; அவ்வளவு சூடு. ஒரு ரூமுக்கு நாலு பேர், ஐந்தாவது தலை தெரிந்தால் பூட்டுப் போட்டுவிடுவேன் என்பது அவருடைய சட்டம். நான் நாலு பேர் என்று சத்தியம் பண்ணினேன். அது பொய் இல்லை. எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே நாலு பேர்தான் இருப்பார்கள். மற்ற நாலு பேர் ஷிப்டில் இருப்பார்கள். இவர்கள் எழுந்து போனதும் அவர்கள் வந்து அதே பாயில் படுப்பார்கள். பாய் ஆறவே ஆறாது.

ஏழு மாசம் ஓடியது. கன்னியம்மாள் அக்கா தலையை எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. செருப்பை எண்ணினார், சரியாக இருந்தது. வேலைக்குப் போனவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டுதானே போவார்கள். ஒரு நாள் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று உள்ளே போனவர், ஜன்னல் ஓரத்தில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக டீக்கடையில் இருந்த என்னிடம் வந்தார். பெஞ்சில் டப்பாவைக் கவிழ்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணிக் காட்டிவிட்டுக் கேட்டார்: "இன்னா ஏகாம்பரம், நாலு பேருன்னு சொன்னே, எட்டு பிரசு கீது. உன் ஊட்டுப் புள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு வாயா?"

புதன்கிழமைக் கோழி

2012-இல் கண்ணாடி பாபு என் வயிற்றில் அடித்தான். ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் வந்து நின்று, எங்கள் ஹாஸ்டலில் புதன்கிழமை தோறும் கோழி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். நாங்களும் ஹாஸ்டல் என்று சொல்லிக்கொண்ட எங்கள் ரூம்களில் புதன்கிழமை முள்ளங்கிச் சாம்பார். ஒரே வாரத்தில் பதினாலு பேர் பாபு பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முள்ளங்கிச் சாம்பாரை நானும் சாப்பிட்டிருக்கிறேன். பதிலுக்கு நாமும் புதன்கிழமை முட்டையாவது போடலாம் என்று ஐயாவிடம் சொன்னேன். ஐயா வேறு யோசனை வைத்திருந்தார். இருக்கிற நாற்பது பேரின் அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டால், கோழி இல்லை, மயில் கறி போட்டாலும் ஒருத்தரும் நகர மாட்டார்கள் என்றார். வெரிபிகேஷன், ஒரே வாரத்தில் திரும்பிவிடும் என்று சொல்லி வாங்கச் சொன்னார்.

வாங்கினது நான். இதை மறைத்தால் மற்றதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். ரூம் ரூமாகப் போய், ஒரே வாரம், ஒரே வாரம் என்று கூவி வாங்கினேன். ஐயா சொன்னதை நானும் நம்பினேன் என்பது உண்மை. நம்பாவிட்டாலும் வாங்கியிருப்பேன் என்பதும் உண்மை. முப்பத்தொன்பது பேர் கொடுத்துவிட்டார்கள். இசக்கியம்மாள் மட்டும் ரசீது கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஏகாம்பரத்தின் வார்த்தைக்கு மேல் ரசீதா, வாலாஜாபாத் சந்தையில் போய்க் கேட்டுப் பார் என்று எகிறினேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மஞ்சள் பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சரி அண்ணாச்சி. உங்க மூஞ்சியவே ரசீதா வச்சிக்கிடுதேன். கிழிஞ்சிராமப் பாத்துக்கிடுங்க."

ஐயா விட்ட கேட்ச்

வாரம் மாசமானது. கேட்டால் பிராசஸில் இருக்கிறது என்பார் ஐயா. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் பூஜை முடிந்ததும் கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்குள் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். பொரியும் சுண்டலும் கையில், சந்தனம் நெற்றியில், வல்லம் பக்கத்துப் பொட்டல்தான் மைதானம். ஐயா அன்றைக்கு மட்டும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கேப்டனாக இறங்குவார். பந்து வராத இடமாகப் பார்த்து நிற்பார்.

பாபுவின் கம்பெனிக்கு எட்டு ரன் தேவை, கடைசி விக்கெட். அவர்கள் ஆள் ஒருத்தன் பந்தை வானத்துக்குத் தூக்கினான். அது யாருக்கும் வேண்டாத பந்து. மேலே போய், யோசித்து, நேராக ஐயாவின் தலைக்கு மேலே இறங்கியது. சின்னப் பிள்ளைகூடக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும். ஐயா இரண்டு கையையும் நீட்டினார், பந்து நடுவில் புகுந்து மூக்கைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது. அடுத்த இரண்டு பந்தில் மேட்ச் போயிற்று. வெயிலில் கண் கூசியது, பந்தில் எண்ணெய் இருந்தது என்று ஐயா ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தனசேகர், உள்ளூர்ப் பையன், அவன் மார்க் ஷீட்டும் பீரோவில்தான் இருந்தது. ஐயா காதில் விழும்படியாகவே சொன்னான்: "அடுத்த தபா பந்து மேல சர்டிபிகேட்டுன்னு எய்தி அடிங்கபா. அப்போ தலைவரு சாவற வரைக்கும் கையவுட்டு வுட மாட்டாரு."

படியாத பேரம்

2013-இல் இசக்கியம்மாளுக்கு நர்ஸ் படிப்புக்குக் கவுன்சிலிங் கார்டு வந்தது. அசலோடு பத்து நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். கார்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கத்தவில்லை, அழவில்லை, கார்டை டேபிளில் வைத்துவிட்டு நின்றாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். கார்டை எடுத்துக்கொண்டு ஐயா ரூமுக்குப் போனேன்.

சந்தையில் பேரம் பேசுகிறவன் கேட்கும்போது மேலே இருந்துதான் கேட்பான். நாற்பதையும் கொடுங்கள் என்று ஆரம்பித்தேன். முடியாது என்றார். இருபது என்றேன். வேலையை விட்டுப் போனவர்களுடையதை மட்டும் என்றேன். ஐந்து என்றேன். ஒன்று, ஒரே ஒன்று என்றேன். இவ்வளவு இறங்கினால் சந்தையில் எதிராளிக்கே வெட்கம் வந்து இரண்டு கத்தரிக்காய் சேர்த்துப் போடுவான். ஐயாவுக்கு வெட்கம் வரவில்லை. பீரோ கிண்டி ஆபீசுக்கு மாறிவிட்டது என்றார். பீரோ அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. இது வேறு பீரோ என்றார். ஷிப்டிங்கில் சில ஃபைல் என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. ஒத்துக்கொண்டால் ஃபேக்டரிக்காரர்கள் எதற்கு அசலை வாங்கினாய் என்று கேட்பார்கள், கான்ட்ராக்ட் போகும்.

நான் போய் பீரோவின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கைப்பிடி என்னோடு வந்துவிட்டது, கதவு வரவில்லை. செக்யூரிட்டி இரண்டு பேர் வந்தார்கள். கைப்பிடியும் கையுமாக வெளியே போனேன்; அன்றோடு என் வேலையும் போயிற்று. கதவருகில் நின்று, இருக்கிறதா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏகாம்பரம், இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. இருக்குன்னும் சொல்லலை."

தொலைக்காதவள்

அந்த வருஷத்து இடம் போயிற்று. மற்ற முப்பத்தொன்பது பேரில் பாதிப் பேருக்கு எப்படியோ மார்க் ஷீட் திரும்பி வந்தது. மீதிப் பேர், தனசேகர் உட்பட, போலீஸ் ஸ்டேஷனில் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சர்டிபிகேட் வாங்கி, தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைந்து நகல் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் வழி என்று இசக்கியம்மாளையும் நானே அழைத்துக்கொண்டு போனேன். அவள் அப்போது வேறு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். வார லீவைச் செலவழித்து வந்தாள்.

ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனுஷன். இந்த மாதிரி எத்தனையோ எழுதியவர். 'பஸ்ஸில் போகும்போது என் கவனக்குறைவால் தவறிவிட்டது' என்று அவரே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். நான் எந்த பஸ்ஸிலும் தொலைக்கவில்லை, அவர்கள் கையில்தானே கொடுத்தேன் என்றாள். இது சும்மா எழுதுகிறதம்மா, எல்லோரும் இப்படித்தான் என்றார் ரைட்டர். பொய் எழுதி வாங்கின தாளை வைத்துக்கொண்டு நர்ஸாகி, நாளைக்கு ஊசி போட்டதாக ஏட்டில் எழுதிவிட்டு ஊசி போடாமல் விடவா என்று கேட்டாள். நான் கெஞ்சினேன். அதட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இறங்கிப் பேரம் பேசியதில்லை. அவள் பேனாவைத் தொடவில்லை.

ரைட்டரும் விடவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து, எங்கள் பொறுப்பில் இருக்கும்போது தொலைந்தது என்று ஒரு வரி லெட்டர் வாங்கி வந்தால், உள்ளதை உள்ளபடியே எழுதி நகலுக்கு வழி பண்ணித் தருகிறேன் என்றார். அதற்கு அவள் சரியென்றாள். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் படி இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த ரைட்டர், எழுதின தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு நர்ஸாயிட்டா, நோயாளிங்கள நோய் கொல்லாதுபா. உண்மையச் சொல்லிச் சொல்லியே இது கொன்னுடும்."

இனி உங்கள் கையில்

ஐயா, அதற்குப் பிறகு பதினோரு தடவை உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறேன். மீட்டிங்கில் இருக்கிறீர்கள், சைட்டுக்குப் போயிருக்கிறீர்கள், இப்போதுதான் கிளம்பினீர்கள். உங்கள் கார் வாசலில் நிற்கும்போதே மூன்று தடவை நீங்கள் ஊரில் இல்லை. அவள் இந்த வருஷமும் விண்ணப்பம் போட்டு, இந்த வருஷமும் கார்டு வந்துவிட்டது. மார்க் குறையவில்லை, அவளிடம் குறைவது உங்கள் லெட்டர் ஹெட்டில் ஒரே ஒரு வரி. உங்கள் கான்ட்ராக்ட் போய்விடும் என்று பயப்படாதீர்கள். அந்த ஃபேக்டரி போன வருஷமே உங்களை மாற்றிவிட்டு பாபுவின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அங்கே இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கோழியாம்.

ஐந்து வருஷத்தில் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளைக் கேட்ச் பண்ணி உங்களிடம் கொடுத்த எனக்கு உங்களுடைய ஒரே ஒரு கையெழுத்து மட்டும் இன்னும் அகப்படவில்லை, கவுன்சிலிங்குக்கு இருபத்திரண்டு நாள் இருக்கிறது, போடுங்கள் ஐயா.